பணி ஓய்வுக்குப் பின் ஊழியத்துக்குப் போன தம்பதியர்: பக்கத்தில் இருந்து பார்த்தவர்கள் எழுதுங்கள்

பாளைக்காரன்:
பென்ஷன் வாங்கிய கையோடு கணவனும் மனைவியுமாக வடக்கே மிஷனெரிப் பணித்தளத்துக்குப் போகிறவர்களை எங்கள் சேகரத்தில், அதாவது எங்கள் வட்டாரச் சபைகளில், பார்க்கிறேன். வெளியூருக்கு ஆள் அனுப்புவது நமக்குப் புதிதல்ல. 1903இல் இந்திய மிஷனெரி சங்கத்தைத் தொடங்கி ஆந்திர நாட்டுக்கு ஆள் அனுப்பியது திருநெல்வேலிதான். உலை வைக்கும்போது ஊழியத்துக்கென்று கைப்பிடி அரிசி எடுத்து ஒதுக்கிய வீடுகள் நம்முடையவை. ஆனால் இப்போது போகிறவர்கள் மாத்திரை டப்பாவும் மூட்டுவலித் தைலமுமாக ரயில் ஏறுகிறார்கள். திரும்பி வந்து ஆலயத்தில் சாட்சி சொல்லும்போது எத்தனை கிராமம் சுற்றினோம் என்பதைச் சொல்கிறார்கள். மத்தியானப் பொழுதை எப்படிக் கழித்தார்கள், யாரிடம் மனம்விட்டுப் பேசினார்கள், இருவருக்கும் சண்டை வந்ததா என்பதை ஒருவரும் சொல்வதில்லை. எனக்கு அதுதான் தெரிய வேண்டும்.

மெஞ்ஞானபுரத்து மருமகள்:
சண்டை வராமல் என்ன? என் கணவரின் சித்தப்பா தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். சித்தி நர்ஸ். ஜார்க்கண்டில் சாகிப்கஞ்ச் பக்கம், ராஜ்மகால் மலையில் மால்தோ மொழி பேசும் பழங்குடி மக்கள் நடுவே போய் இருந்தார்கள். ஹௌரா வரை ஒரு ரயில், அங்கிருந்து இன்னொன்று, பிறகு ஜீப். ஒரு கோடை விடுமுறையில் நாங்களும் போய்ப் பார்த்தோம்.

மலேரியாவும் காலா அசார் என்ற கருங்காய்ச்சலும் உள்ள மலை அது. நர்ஸ் வந்திருக்கிறார் என்று தெரிந்ததும் விடிவதற்குள் வாசலில் ஆட்கள் வந்துவிடுவார்கள். சித்திக்கு மொழி தெரியாவிட்டாலும் பரவாயில்லை. வயிற்றைத் தொட்டுப் பார்த்து மண்ணீரல் வீங்கியிருக்கிறதா என்று கண்டுபிடிக்க மொழி எதற்கு? சித்தப்பாவின் பாடுதான் திண்டாட்டம். ஊரில் அவர் தெருவில் நடந்தால் சைக்கிளை விட்டு இறங்குவார்கள். அங்கே அவருக்கு இந்தியும் வராது, மால்தோவும் வராது. திண்ணையில் உட்கார்ந்து சித்தியின் மருந்துச் சீட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தார். அடுக்கிய விதம் சரியில்லை என்று சித்தி சொன்னால் அன்று சாப்பாட்டில் உப்பில்லை என்பார். "கல்யாணமான புதிதில்கூட நாங்கள் இவ்வளவு நேரம் ஒரே அறையில் இருந்ததில்லை. பள்ளிக்கூட மணி எங்கள் குடும்பத்தை எவ்வளவு காப்பாற்றியிருக்கிறது என்று இங்கே வந்துதான் தெரிந்தது" என்று சித்தி என்னிடம் சொன்னார்.

அவரை மீட்டது ஒரு பனைமரம். அந்தப் பக்கமும் பனை உண்டு, கள் இறக்குவார்கள். மரம் ஏறும் முதியவர் ஒருவர் தினமும் அந்த வழியாகப் போவார். சித்தப்பா தேரிக்காட்டுப் பிள்ளை. பனையைக் கண்டால் விடுவாரா? ஒரு நாள் கலயத்தை வாங்கி உள்ளே சுண்ணாம்பைத் தடவிக் கொடுத்து, இதைக் கட்டு என்று கையைக் காட்டியிருக்கிறார். மறுநாள் காலை இறங்கியது பதநீர், புளிக்கவே இல்லை. மரமேறி ஒரு வாய் குடித்துவிட்டு, நல்ல சரக்கைக் கெடுத்துவிட்டாயே என்பதுபோல முகத்தைச் சுளித்தாராம். இருவரும் சிரித்தார்கள், அவ்வளவுதான். அதன் பிறகு தினமும் மரத்தடியில் சந்திப்பு. பதநீர் குடிக்க ஓலையில் பட்டை மடிக்க இவர் சொல்லிக்கொடுத்தார்; அங்குள்ள மரங்களின் பெயரை அவர் சொல்லிக்கொடுத்தார். சித்தப்பா பேசிய முதல் மால்தோச் சொற்கள் மரமேறியிடம் கற்றவை.

கள் இறக்குகிறவரோடு மூத்த ஊழியர் உட்காரலாமா என்று பணித்தளத்தில் ஒரு முணுமுணுப்பு கிளம்பியது. இந்த மாதிரிப் புனிதர்களை எல்லாச் சபையிலும் பார்க்கலாம். சித்தி ஒரே பதில்தான் சொன்னார்: "அவர் அங்கே போய் உட்கார்ந்த நாளிலிருந்துதான் என் வீட்டில் சமாதானம்."

சித்திக்கும் ஒரு தோழி கிடைத்தார், பக்கத்து வீட்டுப் பாட்டி. மாலையில் இருவரும் அரிசியில் கல் பொறுக்குவார்கள். ஒருவர் தமிழில் மருமகளைப் பற்றிப் பேசுவார், இன்னொருவர் மால்தோவில் மருமகளைப் பற்றித்தான் பேசியிருக்க வேண்டும். சித்தி பேசிய மருமகள் நான் என்பதால் மேற்கொண்டு விசாரிக்கவில்லை.

மேலப்பாளையம் வாசி:
நான் வேறு மார்க்கம், எழுதலாம் அல்லவா? என் வாப்பாவும் உம்மாவும் மஸ்தூராத் ஜமாஅத்தில், அதாவது பெண்களும் சேர்ந்து போகும் தப்லீக் மார்க்கப் பயணத்தில், போய் வருபவர்கள். ஜோடியாகத்தான் போக வேண்டும். ஆனால் போன ஊரில் ஆண்கள் பள்ளிவாசலில் தங்குவார்கள், பெண்கள் ஒரு வீட்டில் தங்குவார்கள். மூன்று நாளும் உண்டு, நாற்பது நாளும் உண்டு. எனவே மேலே சொன்ன சண்டைக்கு எங்களில் இடமே இல்லை. உம்மாவுக்கு அது பிறந்த வீட்டுக்குப் போவது போல. தாலீம் என்கிற மார்க்க வகுப்பு முடிந்ததும் பெண்களெல்லாம் உட்கார்ந்து பேசுவார்கள். அப்படிக் கிடைத்த தோழிகள் எங்கள் வீட்டு நிக்காஹ்வுக்குக் கேரளத்திலிருந்துகூட வந்தார்கள். வாப்பா திரும்பும் வழியெல்லாம் உம்மா என்ன சாப்பிட்டார் என்று கேட்டுக்கொண்டே வருவார். வீட்டில் ஒரு நாளும் கேட்டதில்லை.

பழைய காகிதம்:
இடையன்குடி கால்டுவெல் தம்பதியரை மறந்துவிட்டீர்களே. கால்டுவெல் 1841இல் மிஷனெரியாக அங்கே வந்தார். 1844இல் எலைசாவை மணந்தார். எலைசா நாகர்கோவில் மிஷனெரி மால்ட்டின் மகள். கணவர் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம் எழுதினார், ஊரறியும். எலைசா இடையன்குடிப் பெண்களுக்கு லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்தார். நூலும் கையுமாகப் பெண்களோடு உட்கார்ந்த அந்த மத்தியானங்களைப் பற்றி யாராவது எழுதி வைத்திருந்தால் ஒப்பிலக்கணத்துக்கு முன்னால் அதைப் படித்திருப்பேன்.

வள்ளியூர் ரயிலடி:
பெங்களூரில் மகன் வீட்டில் இருந்தபோது பார்த்தது. மேல் மாடியில் ஒரு அமெரிக்கத் தம்பதி, இருவரும் எழுபதை நெருங்கியவர்கள், சட்டையில் கறுப்புப் பெயர்ப்பட்டை. மார்மன் என்று பொதுவாகச் சொல்லப்படும் சபையைச் சேர்ந்தவர்கள். அந்தச் சபையின் இளைஞர்கள் இருவர் இருவராகப் போவார்களாம். முதியவர்கள் கணவன் மனைவியாகப் போவார்கள், சொந்தச் செலவில். என் மனைவி மரியாதைக்குக் காப்பி கலந்து கொடுத்தாள், வேண்டாம் என்றார்கள். டீ கொடுத்தாள், அதுவும் வேண்டாம். வீட்டுக்கு வந்தவர்கள் வாய் நனைக்காமல் போனால் அவளுக்கு அன்று தூக்கம் வராது. விசாரித்தால், காப்பியும் டீயும் மதுவும் அவர்கள் சபையில் விலக்கு. மறுநாள் சுக்கும் மல்லியும் தட்டிப்போட்டு உடன்குடிக் கருப்பட்டியில் காய்ச்சிக்கொண்டு மாடி ஏறினாள். அந்த அம்மாள் இரண்டு டம்ளர் குடித்தார். பிறகு பேரப்பிள்ளைகளின் படத்தைக் காட்டினார். என் மனைவியும் காட்டினாள். வேத விஷயம் எதுவும் பேசிக்கொண்டதாகத் தெரியவில்லை.

சுரண்டை மகன்:
திரும்பி வந்த பிறகு வரும் கஷ்டத்தையும் சொல்ல வேண்டும். என் அப்பாவும் அம்மாவும் குஜராத்தில் டாங்ஸ் மாவட்டத்தில் இருந்துவிட்டு வந்தார்கள். பாடகர் குழுவில் அப்பா நின்ற இடத்தில் வேறு ஒருவர் நிற்கிறார். அம்மாவின் கூட்டாளிகள் பிள்ளைகளோடு சென்னைக்குப் போய்விட்டார்கள். அசனத்துக்கு, அதுதான் சபை விருந்துக்கு, இலை போடும்போது "எப்போது வந்தீர்கள், எப்போது போகிறீர்கள்?" என்று கேட்கிறார்கள். அம்மா இரவில் டாங்ஸுக்குப் போன் செய்து அரைகுறை குஜராத்தியில் சிரித்துப் பேசுகிறார். அந்தச் சிரிப்பை இங்கே யாரிடமும் கேட்க முடியவில்லை. இப்போது மறுபடியும் போகிறேன் என்கிறார்கள். அப்பாவுக்குச் சர்க்கரை, இன்சுலின் போடுகிறார். விடலாமா?

மெஞ்ஞானபுரத்து மருமகள்:
தம்பி, டாக்டர் சரி என்றால் விடுங்கள். கரண்டு நிற்காத இடமா என்று மட்டும் முதலில் கேளுங்கள். ராஜ்மகாலில் ஃபிரிட்ஜை நம்ப முடியாது. சித்தி ஒரு மண்பானையை ஈரமணலில் வைத்து அதற்குள் இன்சுலினை வைத்திருந்தார். இன்னொன்று, வீடு கொடுக்கும்போது வளாகத்துக்குள் தனி வீடு என்று ஆசை காட்டுவார்கள். ஊர்த் தெருவிலேயே ஒரு வீடு, முன்னால் திண்ணை இருப்பதாக, கேட்டு வாங்கச் சொல்லுங்கள்.