போனஸ் 5,831 ரூபாய்தான் வந்திருக்கு, கணக்கு சரியாங்க?

மோல்டிங்_கோவை:
வணக்கம்ங்க. பழைய பம்ப் கம்பெனி ஒண்ணுல வேலை. எழுபது பேர் இருக்கோம். எனக்கு பேசிக், டி.ஏ. சேர்த்து 13,400. 2023-24க்கு தீபாவளி போனஸ் 5,831 போட்டிருக்காங்க. கேட்டா, "வருசமே நஷ்டம், இதைக் கொடுக்கறதே பெருசு"ங்கறாங்க. நடுவுல மெஷின்ல விரல் நசுங்கி ரெண்டு மாசம் இ.எஸ்.ஐ. லீவு. இந்தத் தொகை எப்படி வந்துச்சுன்னே புரியல.

சங்கத்_தோழர்:
தோழர், சட்டப்படியான குறைந்தபட்ச போனஸ் 8.33 சதவீதத்தை வெச்சுத் திருப்பிப் போட்டா 70,000 வருது. மாசம் 7,000 வீதம் பத்து மாசம். ரெண்டு இடத்துல குறைச்சிருக்காங்க.

வேலையில அடிபட்டு வர முடியாத நாளெல்லாம், 2023-24க்குப் பொருந்தற 1965 போனஸ் சட்டம் 14வது பிரிவுப்படி வேலை செஞ்ச நாள்தான். அந்த ரெண்டு மாசத்தைக் கழிச்சது தப்பு.

அடுத்து அந்த 7,000. 2015 திருத்தப்படி, 7,000 அல்லது உங்க தொழிலுக்கு அரசு அறிவிச்ச குறைந்தபட்ச ஊதியம், எது அதிகமோ அதுலதான் போடணும். பல ஆபீஸ்ல முதல் பாதியோட நிறுத்திக்கறாங்க. உதாரணத்துக்கு அந்தக் குறைந்தபட்ச ஊதியம் 11,000ன்னா, 12 மாசத்துக்கு 10,996 வரணும்.

நஷ்டம்னாலும் 8.33 கொடுத்தே ஆகணும். அது உங்க உரிமை, யாரோட தயவும் இல்ல.

மோல்டிங்_கோவை:
ரொம்ப நன்றிங்க. பக்கத்து மில்லுல 20 சதவீதம் கொடுத்தாங்களே, அது எப்படிங்க?

கணக்குப்பிள்ளை:
அது லாபத்தைப் பொறுத்ததுங்க. மொத்த லாபத்துல தேய்மானம், வரி, அப்புறம் கம்பெனியா இருந்தா பங்கு முதலுக்கு 8.5, ரிசர்வுக்கு 6 சதவீதம், இதெல்லாம் கழிப்பாங்க. மிச்சத்துல பொதுவா 60 சதவீதம் தொழிலாளிக்கு. மிச்சம் 20 லட்சம்னா 12 லட்சம் போனஸுக்கு. தகுதியுள்ளவங்களோட போனஸ் கணக்குக்கு எடுக்கற சம்பளம் மொத்தம் ஒரு கோடின்னா ஆளுக்கு 12 சதவீதம். உச்சவரம்பு 20.

முக்கியமா ஒண்ணு: 20க்கு மேல போன உபரியை நாலு வருசம் வரைக்கும் கணக்குல வெச்சிருக்கணும். முன்னாடி நல்ல லாபம் வந்திருந்தா, நஷ்ட வருசத்துலயும் 8.33க்கு மேல கிடைக்கலாம். 'ஏ', 'பி' படிவப் பதிவேட்டுல இதெல்லாம் இருக்கும். அதைக் கேளுங்க.

சங்கத்_தோழர்:
எழுத்துல கேளுங்க, நகல்ல கையெழுத்து வாங்கி வெச்சுக்குங்க. அவங்களுக்கு நவம்பர் 30 வரைக்கும் கெடு. அதுக்கப்புறமும் தரலேன்னா தொழிலாளர் துறைக்கு 21வது பிரிவுல மனு போடலாம், ஒரு வருசத்துக்குள்ள. லீவு சீட்டு, இ.எஸ்.ஐ. விபத்து அறிக்கை ரெண்டையும் இப்பவே எடுத்து வைங்க.