மறு: ஃப்ளை ஃபிஷிங் – ‘கட்டிரைத் தூண்டில்’ சரிவருமா?

நண்பர்களுக்கு வணக்கம்.

பூச்சி போன்றவற்றின் சாயலில் செய்த எடையில்லா இரையை வைத்து மீன் பிடிக்கும் ஃப்ளை ஃபிஷிங்குக்குத் தமிழ்ச் சொல் தேடும் இந்த மடல் இழையில் இதுவரை வந்த சொற்களையெல்லாம், நாம் தமிழில் எழுதிவரும் கையேட்டின் வரைவில் போட்டுப் படித்துப் பார்த்தேன். ஈ மீன்பிடிப்பு, பூச்சித் தூண்டில், இறகுத் தூண்டில், வீச்சுத் தூண்டில். தனியாகப் பார்த்தால் பரவாயில்லை என்று தோன்றுகிறவை வாக்கியத்துக்குள் போனதும் இடறுகின்றன. அதிலும் நம் கையில் இருக்கும் பகுதி மரங்கள் கவிந்த சிற்றோடைகளில் டிரவுட் என்ற குளிர்நீர் மீனைப் பிடிப்பதைப் பற்றியது. அகன்ற ஆற்றின் நடுவில் நின்று வீசுகிறவருக்குப் பொருந்தும் சொல் அங்கே பொருந்துவதில்லை.

‘ஈ மீன்பிடிப்பு’ முதலில் கழியட்டும். நமக்கு ஈ என்றால் கோயம்பேட்டில் மாம்பழக் குவியலை மொய்ப்பது. டிரவுட் விரும்பித் தின்னும் மேஃப்ளை, கேடிஸ், ஸ்டோன்ஃப்ளை ஆகிய நீர்ப்பூச்சிகளில் ஒன்றுகூட பூச்சியியல்படி ஈ இனம் கிடையாது. ஆங்கிலத்தில் பெயரில் ஒட்டிக்கொண்டதை நாமும் சுமக்க வேண்டியதில்லை. போதாக்குறைக்கு, இந்தச் சொல்லைப் படிக்கும் பத்தாம் வகுப்புப் பையன் ஈயைப் பிடிப்பதா, மீனைப் பிடிப்பதா, ‘ஈமீன்’ என்று ஒரு மீன் இருக்கிறதா என்றுதான் முதலில் கேட்பான்.

பெசன்ட் நகர் அம்மா சொன்ன ‘பூச்சித் தூண்டில்’ காதுக்கு நன்றாக இருக்கிறது. ஆனால் அந்தப் பெயருக்கு ஏற்கெனவே உரிமையாளர் உண்டு. வெட்டுக்கிளியைப் பிடித்து முள்ளில் கோத்து ஏரிக்கரையில் உட்காரும் பையன்கள் செய்வதுதான் பூச்சித் தூண்டில். இங்கே விஷயமே உயிருள்ள எதையும் முள்ளில் கோக்காமல் இருப்பது. அப்புறம், ‘ஸ்ட்ரீமர்’ என்று ஒரு வகை இருக்கிறது. அது பூச்சியைப் போலச் செய்ததல்ல, பொடிமீனைப் போலச் செய்தது. ‘பொடிமீன் வடிவப் பூச்சி’ என்று எழுதினால் நாமே சிரித்துவிடுவோம்.

‘இறகுத் தூண்டில்’ மயிலாப்பூர் ஐயாவின் பரிந்துரை. இதை மறுக்க எனக்கே மனமில்லை, ஏனென்றால் இந்தக் கலைக்குள் நம் ஊர் இறகு நிறையவே போயிருக்கிறது. பழைய சால்மன் தூண்டில் இரைகளின் கன்னத்தில் பளபளவென்று மெழுகு தோய்த்தாற்போல் மஞ்சள்வெள்ளைப் புள்ளி வைத்த இறகு ஒன்று இருக்கும். அது மேற்குத் தொடர்ச்சி மலையில் திரியும் நம் சாம்பல் காட்டுக்கோழியின் கழுத்து இறகு. ஆங்கிலேயர் அதைப் பெட்டி பெட்டியாகக் கொண்டுபோனார்கள். இன்று அது வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் இருக்கும் பறவை. வெளிநாட்டுக்காரர்கள் அங்கேயே வளர்த்த கோழிகளின் இறகை வைத்துச் சமாளிக்கிறார்கள். நாட்டுச் சேவலின் கழுத்து இறகும் இந்தியாவிலிருந்து பல காலம் ஏற்றுமதியாகியிருக்கிறது. ஆனாலும் ஐயா, இறகே இல்லாமலும் இந்த இரையைச் செய்கிறார்கள். மான் முடி, முயல் ரோமம், நுரைப் பஞ்சு, நைலான் இழை என்று போய்க்கொண்டே இருக்கிறது. இறகு ஒரு பொருள்தான், இலக்கணம் அல்ல.

இனி ‘வீச்சுத் தூண்டில்’. திருவொற்றியூர் தம்பி இதற்காக நான்கு மடல் போட்டு வாதாடினார். அவர் பக்கம் உண்மையான நியாயம் இருக்கிறது. சாதாரணத் தூண்டிலில் ஈயக்குண்டு பறக்கிறது, நரம்பு, அதாவது தூண்டில் கயிறு, அதன் பின்னால் போகிறது. இதில் தலைகீழ். முள்ளில் இருக்கும் இரைக்கு எடையே இல்லை. நரம்புதான் கனம். அந்தக் கனத்துக்கு எண் கொடுத்து விற்கிறார்கள். 4 என்று போட்ட நரம்பின் முதல் 30 அடி 120 கிரெயின், அதாவது எட்டு கிராமுக்குக் கொஞ்சம் குறைவு. கோலை முன்னும் பின்னும் அசைத்து அந்த எட்டு கிராமைக் காற்றில் நீட்டிவிட்டால் அது உருண்டு விரிந்துபோய் இரையைத் தண்ணீரில் வைக்கிறது. ஆகவே வீச்சுதான் உயிர் என்கிறார் தம்பி. ஒப்புக்கொள்கிறேன். ஆனால் எண்ணூர் முகத்துவாரத்தில் ஈயம் கட்டி எறிகிறவரும் வீசத்தான் செய்கிறார். வீச்சு வலை என்று கடற்கரை முழுக்கப் புழங்கும் சொல் வேறு இருக்கிறது. ‘வீச்சுத் தூண்டில்’ என்றால் காசிமேட்டில் யாரும் இறகு கட்டிய முள்ளை நினைக்கப் போவதில்லை.

இதைவிடப் பெரிய சிக்கல், கையேட்டில் நம் பகுதி பேசும் ஓடைகளில் வீசவே இடமில்லை என்பது. அமெரிக்காவின் அப்பலாச்சிய மலைகளின் சிற்றோடைகளில் ரோடோடென்ட்ரான் புதர் இரு கரையிலிருந்தும் வளைந்து கூரை போட்டிருக்கும். ஓடையின் அகலம் சில இடங்களில் ஒருவர் தாண்டிவிடும் அளவுதான். டிரவுட் நீரோட்டத்தை எதிர்த்துத் தலை வைத்து நிற்கும் என்பதால் கீழிருந்து மேல்நோக்கி, குனிந்து, சில சமயம் முட்டி போட்டுத்தான் நெருங்க வேண்டும். பின்னால் நரம்பை எடுத்தால் கிளை பிடித்துக்கொள்ளும். அதனால் ஆறரை, ஏழு அடிக் குட்டைக் கோலை வைத்துக்கொண்டு இரண்டு உபாயம் செய்கிறார்கள். ஒன்று, நரம்பைத் தண்ணீரிலேயே மெல்ல இழுத்துத் தோளுக்குப் பின்னால் ஒரு தொய்வு விட்டு, அங்கிருந்து முன்னுக்கு உருட்டிவிடுவது. பின்வீச்சே கிடையாது. இதற்கு ‘உருள்வீச்சு’ போதும், யாரும் எதிர்க்கவில்லை.

இன்னொன்றுக்குத்தான் பெயர் தேடித் திண்டாடினோம். கோல் நீளத்துக்கு மட்டும் நரம்பை வெளியே விடுவார்கள். இரையின் முள் வளைவைக் கட்டைவிரலும் ஆட்காட்டி விரலும் பிடித்திருக்கும், கூர்முனை விரலில் படாமல். இழுக்க இழுக்கக் கோலின் நுனி வளையும். கிளைக்கும் தண்ணீருக்கும் நடுவில் இரண்டடி இடைவெளியைப் பார்த்துக் குறிவைத்து விரலைத் தளர்த்தினால், கோல் நிமிர்ந்து இரையை உள்ளே அனுப்பிவிடும். ஆங்கிலத்தில் வில்லும் அம்பும் என்கிறார்கள். ‘வில்வீச்சு’ என்று வைத்துக்கொள்ளலாம். ஆனால் இந்தக் காட்சியின் பாதி குறுந்தொகை 54-இல் இருக்கிறது: ‘கான யானை கைவிடு பசுங்கழை மீனெறி தூண்டிலின் நிவக்கும்’. கவண் ஒலிக்கு மிரண்ட யானை, வளைத்துப் பிடித்திருந்த மூங்கிலைச் சட்டென்று விட, அது தூண்டிலைப் போல மேலே எழுகிறது. பாடியவரின் பெயர் தெரியாமல் அந்த உவமையை வைத்தே மீனெறி தூண்டிலார் என்று பெயர் கொடுத்துவிட்டார்கள். வளைந்த கழையின் விசையை இவ்வளவு துல்லியமாகக் கவனித்த மொழியில் ‘விடுகழை’ என்ற சொல் அன்னியமாக இருக்காது. ‘விடுகழை வீச்சு’ என்பது என் முன்மொழிவு. நீளமாக இருக்கிறது என்றால் வில்வீச்சுக்கே சம்மதம், சண்டை போடமாட்டேன்.

சரி, முதல் சொல்லுக்கு வருகிறேன். இந்த இரைகள் எல்லாவற்றுக்கும் பொதுவானது என்ன? ஈயாக இருப்பதல்ல, இறகாக இருப்பதல்ல, மிதப்பதுமல்ல. நூலால் கட்டப்பட்டிருப்பது. வெறும் முள்ளை ஒரு சிறு பிடிசட்டத்தில் கவ்வவைத்து, முள்ளின் தண்டில் நூலைச் சுற்றி அடித்தளம் போடுவார்கள். வாலுக்கு நாலைந்து முடி. அதன்மேல் உடலுக்குக் கம்பளி இழை. கழுத்தருகே ஒரு சேவல் இறகின் காம்பை நூலில் சிக்கவைத்துச் சுற்றினால் அதன் மயிர்கள் சக்கரம் போல விரிந்து நிற்கும். அந்த விரிப்புதான் இரையைத் தண்ணீரின்மேல் நிறுத்துகிறது. கடைசியில் முடிச்சிட்டு, நூலை அறுத்து, ஒரு சொட்டுப் பசை. ஆங்கிலத்திலும் இந்த வேலைக்குக் ‘கட்டுதல்’ என்றுதான் பெயர். நமக்கும் பூ கட்டுவது என்ற வினை கையருகிலேயே இருக்கிறது. நூல், விரல், சுற்று, இறுக்கு என்று மயிலாப்பூர் மாடவீதியில் நடப்பதும் இதுதான்.

எனவே இரையின் பெயர் ‘கட்டிரை’. முறையின் பெயர் ‘கட்டிரைத் தூண்டில்’. செய்கிறவர் ‘இரை கட்டுபவர்’. உலோகத்திலும் பிளாஸ்டிக்கிலும் வார்த்த போலி இரைகளுக்குப் ‘பொய்யிரை’ என்ற பொதுச்சொல்லை விட்டுவிடலாம். மிதப்பது ‘மிதவைக் கட்டிரை’, நீருக்கடியில் போவது ‘ஆழ்கட்டிரை’. பொடிமீன் வடிவத்தையும் ‘மீன்வடிவக் கட்டிரை’ என்று சிரிப்பில்லாமல் சொல்ல முடிகிறது.

எதிர்ப்பு வரும் என்று தெரியும். எழுத்துப்பிழை திருத்தும் மென்பொருள் எல்லாம் இதைக் ‘கட்டுரை’ என்று மாற்றப் போகிறது. இந்த மடலை அடிக்கும்போதே மாற்றிக்கொண்டுதான் இருக்கிறது. அகராதியில் ஏற்றிவிட்டால் தீரும் தொல்லை அது. இன்னொன்று கனமானது: நண்டு பிடிக்கக் கயிற்றில் கோழிக்குடலைக் கட்டி விடுகிறார்களே, அதுவும் கட்டிய இரைதானே என்று தம்பி கேட்கக்கூடும். அங்கே கட்டுவது இரையைக் கயிற்றோடு. இங்கே கட்டுவதால்தான் இரையே உண்டாகிறது. கட்டைப் பிரித்தால் அங்கே குடல் மிஞ்சும், இங்கே ஒரு முள்ளும் கொஞ்சம் முடியும்தான். பின்னால் ‘தூண்டில்’ வரும்போது குழப்பம் இன்னும் குறையும் என்று நினைக்கிறேன்.

மற்றவற்றை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். ஓடையில் ஆழமாகத் தண்ணீர் தேங்கும் இடத்துக்கு ‘மடு’ இருக்கும்போது ‘குளம்’ வேண்டாம். ஆழமில்லாமல் கல்மேல் நுரைத்து ஓடும் பகுதிக்குக் ‘கல்லோட்டம்’. மரம் கவிந்த சிற்றோடைக்குக் ‘காட்டோடை’. நீலகிரியைப் பற்றி எழுதும்போது மட்டும் ‘சோலை ஓடை’ என்று எழுதலாம், ஏனென்றால் அங்கே சோலை என்பது ஒரு தனிக் காட்டு வகை.

‘ட்ராக்’ கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டியது. ஓடையின் நடுவில் வேகம், ஓரத்தில் நிதானம். இரை ஓரத்தில் விழுந்து, நரம்பு நடுவில் கிடந்தால், நரம்பை ஓட்டம் இழுத்துக்கொண்டு போகும். இரை தண்ணீர்மேல் கோடு கிழித்துக்கொண்டு பின்னாலேயே ஓடும். உண்மையான பூச்சி அப்படி ஓடாது என்பது டிரவுட்டுக்குத் தெரியும், திரும்பிப் போய்விடும். இதற்கு ‘இழுவை’ என்று முந்தைய வரைவில் இருந்தது. இழுவை என்றால் நம் கடலில் இழுவலைப் படகு நினைவுக்கு வருகிறது. இயற்பியலிலும் அது வேறு பொருளில் இருக்கிறது. ‘இழுபாடு’ என்று மாற்றலாம். ‘இழுபாடில்லா மிதப்பு’ என்றால் சொல்ல வந்தது சொல்லப்பட்டுவிடுகிறது. ஆங்கிலத்தில் நரம்பைச் சுற்றிவைக்கும் சுருளியின் தடைக்கும் அதே ட்ராக்தான். தமிழில் அதைப் ‘பிடிப்பு’ என்று பிரித்துவிட்டால் நமக்கு ஒரு குழப்பம் மிச்சம். இழுபாட்டைத் தவிர்க்க, விழுந்த நரம்பின் நடுப்பகுதியை மட்டும் கோல் நுனியால் தூக்கி நீர் வரும் திசைப் பக்கம் போடுவார்கள். அதற்கு ‘திருத்தல்’, ‘சீரமைத்தல்’ எல்லாம் அலுவலகக் கோப்பு வாசனை அடிக்கின்றன. ‘ஒதுக்குதல்’ என்றே இருக்கட்டும். ‘நரம்பை ஒதுக்கிப் போடு’ என்று பக்கத்தில் நிற்கிறவரிடம் சொல்ல முடிய வேண்டும்.

டிரவுட் டிரவுட்டாகவே இருக்கட்டும். அது இந்த மண்ணின் மீனே அல்ல. 1860-களில் ஃபிரான்சிஸ் டே நீலகிரியில் கொண்டுவந்து விட முயன்றார். 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எச். சி. வில்சனின் முயற்சியில்தான் ரெயின்போ டிரவுட் அங்கே நிலைத்தது. அவலாஞ்சியில் குஞ்சுபொரிப்பகமும் வந்தது. பெயரோடு வந்த மீனைப் பெயரோடேயே ஏற்கலாம். ‘வானவில் மீன்’ என்று ஒருவர் எழுதியிருந்தார். அந்தப் பெயரைச் சொல்லிக் கொளத்தூர் வண்ணமீன் கடையில் கேட்டால் கண்ணாடித் தொட்டியிலிருந்து வேறொரு மீனை எடுத்துக் கொடுப்பார்கள். ‘வானவில் டிரவுட்’ என்றால் எனக்குத் தடையில்லை.

கடைசியாக ஒன்று மிச்சம், எனக்கு வழி தெரியவில்லை. கனமான நரம்புக்கும் இரைக்கும் நடுவில் போகப் போக மெலியும் இழை ஒன்று உண்டு. அதை ‘முன்னிழை’ என்கிறேன். அதன் நுனியில் இரையோடு முடிச்சிடும் மெல்லிய துண்டுக்குத்தான் சொல் வேண்டும். அதன் தடிமனை எக்ஸ் எண்ணால் சொல்கிறார்கள். 11-இலிருந்து எண்ணைக் கழித்தால் அங்குலத்தில் ஆயிரத்தில் எத்தனை பங்கு என்று வரும். 5 எக்ஸ் என்றால் 0.006 அங்குலம், ஏறக்குறைய 0.15 மில்லிமீட்டர். எண் கூடினால் இழை மெலியும் என்பதால் ‘பருமன் எண்’ என்று எழுதினால் வாசகர் தலைகீழாகப் புரிந்துகொள்வார். ‘மென்மை எண்’ பரவாயில்லையா? இழைக்கு ‘நுனியிழை’, ‘ஈற்றிழை’, தங்கூசி என்று மூன்று கையில் இருக்கின்றன. தங்கூசி கடையில் கேட்டால் கிடைக்கிற சொல், ஆனால் அது எல்லா நைலான் நரம்புக்கும் பொதுவாயிற்றே. திருவொற்றியூர் தம்பி, உங்கள் பக்கத்தில் தூண்டில் நரம்பின் கடைசி முழத்துக்கு மட்டும் தனிப்பெயர் ஏதாவது சொல்கிறார்களா? விசாரித்து எழுதுங்கள். அதுவரை வரைவில் ‘நுனியிழை’ என்று போட்டு மஞ்சள் அடித்து வைக்கிறேன்.