கிளைக்கு 5 லட்சமா, பேங்குக்கு 5 லட்சமா?

சத்துவாச்சாரி பெரியவர்: நேத்து இங்க ஒருத்தர் எழுதியிருக்கார்: “ஒரே பேங்க்லயே காட்பாடி கிளையில 5 லட்சம், பாகாயத்துல 5, குடியாத்தத்துல 5 போடுங்க. பேங்க் முழுகினாலும் 15 லட்சமும் வந்துடும்.” ரிட்டயர்மென்ட் பணத்தை வச்சுக்கினு இருக்கிறவங்க படிக்கிற இடம் இது. பேங்க் முழுகினா டெபாசிட்டுக்குக் கிடைக்கிற காப்பீடு கிளைக்குக் கிடையாது. ஒரு ஆளுக்கு, ஒரு பேங்குக்கு, எல்லாக் கிளையும் சேத்து, அசலும் வட்டியும் சேத்து 5 லட்சம். மீதி 10 லட்சம், பேங்க் சொத்தை வித்து ஏதாவது தேறினா உண்டு.

காட்பாடி மணி: எழுதினது நான்தான். பேரைச் சொல்லியே திட்டியிருக்கலாமே சார். எங்க மேனேஜர் நேரா சொன்னது. பேங்க்லயே காலம் தள்ளினவரைவிட உங்களுக்கு ஜாஸ்தி தெரியுமோ?

சத்துவாச்சாரி பெரியவர்: அவர் சொன்னதைக் கையெழுத்தோட வாங்கிப் போடு தம்பி. இந்தக் காப்பீட்டைத் தர்றது ரிசர்வ் வங்கியோட துணை நிறுவனம். 1993-ல இருந்து 1 லட்சமா இருந்தது, 2020 பிப்ரவரி 4-ல 5 லட்சம் ஆச்சு. கிளைங்கற பேச்சே அதுல இல்ல.

குடியாத்தம் அக்கா: ஐயா, நானும் எங்க வீட்டுக்காரரும் சேந்து வச்சிருக்கிற கணக்கு?

சத்துவாச்சாரி பெரியவர்: தனிக் கணக்குக்குத் தனியா 5, கூட்டுக் கணக்குக்குத் தனியா 5 உண்டும்மா. பேர் வரிசை மாறினா அதுவும் வேற கணக்குதான்.

காட்பாடி மணி: பாத்தீங்களா! ஒரே பேங்க்ல ரெண்டு மூணு தடவை 5 லட்சம். நான் சொன்னதும் அதேதானே.

சத்துவாச்சாரி பெரியவர்: இல்ல. அது யார் பேர்ல இருக்குங்கறதால வர்றது. உன் ஒருத்தன் பேர்ல மூணு கிளையில போட்டா மொத்தமே 5 தான்.

பாலாறு பையன்: அங்கிள், எஃப்டி வட்டியில வரியும் விலைவாசியும் போனா கையில இன்னா மிஞ்சுது? இண்டெக்ஸ் ஃபண்ட்ல, அதான் நிஃப்டி மாதிரி ஷேர் மார்க்கெட் குறியீட்டை அப்படியே பின்பற்றுற ஃபண்ட்ல, மாசாமாசம் போடுங்க.

காட்பாடி மணி: 2020 மார்ச் 23, நிஃப்டி ஒரே நாள்ல 13 சதவீதம் விழுந்ததே, அப்ப எங்க இருந்த?

பாலாறு பையன்: விக்காம இருந்தவன் பணம் திரும்பி வந்துச்சு.

காட்பாடி மணி: ஷேர் விலை ஏறுமா இறங்குமான்னு பந்தயம் கட்டுற மாதிரி ஆப்ஷன் வியாபாரம், அதுக்கு டிப்ஸ் லிங்க் போட்டவனும் நீதானே? அதுல 93 சதவீதம் பேருக்கு நஷ்டம்னு ஷேர் மார்க்கெட்டைக் கண்காணிக்கிற செபியே கணக்கு எடுத்துச் சொல்லிச்சு.

பாலாறு பையன்: அது வேற, இது வேற. பழசைக் கிளறாதீங்க.

ஆம்பூர் ஷூக்காரன்: 5 லட்சம், 15 லட்சம்னு அடிச்சுக்கிறீங்க. எங்க லைன்ல பாதிப் பேர் தீபாவளிச் சீட்டுல போட்டுட்டு அலையறாங்க. அதைப் பத்தி யாராவது பேசுறீங்களா?

காட்பாடி மணி: நல்லாக் கேளுங்க. பெரியவர் தெருவுலயே ஒருத்தன் சீட்டுப் பணத்தோட ஓடினான். அப்ப சார் வாயே திறக்கல.

சத்துவாச்சாரி பெரியவர்: பொய். ரசீது வச்சுக்கினு பொருளாதாரக் குற்றப் பிரிவுக்குப் போங்க, முதலீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் 1997-லயே வந்துடுச்சுன்னு இங்கதான் எழுதினேன். பேச்சை மாத்தாத. கிளைக்கு 5 லட்சம்ங்கறதை அழிப்பியா மாட்டியா?

காட்பாடி மணி: எதுக்கு அழிக்கணும்? கரூர்ல ஆரம்பிச்ச லட்சுமி விலாஸ் பேங்க் கவுந்தப்ப, டெபாசிட் போட்டவனுக்கு ஒரு பைசா நஷ்டம் இல்ல. நீங்கதான் பீதி கிளப்புறீங்க.

சத்துவாச்சாரி பெரியவர்: 2020 நவம்பர்ல 25,000-க்கு மேல எடுக்க முடியாதுன்னு நிறுத்தினாங்களே, கரூர்க்காரங்களைக் கேளு. சிங்கப்பூரோட டிபிஎஸ் பேங்க் அதை எடுத்துக்கிச்சு, டெபாசிட் தப்பிச்சுது. ஷேர் வச்சிருந்தவனுக்கு ஒண்ணுமே வரல. எல்லாப் பேங்குக்கும் அப்படி ஒருத்தன் வருவானா? 2019-ல மும்பை பிஎம்சி கூட்டுறவு பேங்க்ல முதல்ல 1,000 ரூபாதான் எடுக்க விட்டாங்க. ஆஸ்பத்திரிச் செலவுக்கு வச்சிருந்தவங்க கதி இன்னா? இப்ப 90 நாள்ல காப்பீட்டுப் பணம் தரணும்னு சட்டம் இருக்கு, அதுவும் 5 லட்சம் வரைக்கும்தான்.

குடியாத்தம் அக்கா: அப்ப எங்க 12 லட்சத்தை இன்னா பண்றது?

சத்துவாச்சாரி பெரியவர்: வேற வேற பேங்குக்கு மாத்துங்கம்மா. வட்டி சேரும், அதனால ஒவ்வொண்ணுலயும் நாலு லட்சத்தோட நிறுத்துங்க. 60 தாண்டியிருந்தா தபால் ஆபீஸ் மூத்த குடிமக்கள் திட்டம் இருக்கு, ஒருத்தர் 30 லட்சம் வரைக்கும் போடலாம், அது மத்திய அரசு பொறுப்பு.

காட்பாடி மணி: தபால் ஆபீஸ் ஏஜென்ட் ஆயிட்டீங்களா சார்? மேனேஜர் லீவுல இருக்கார், வந்ததும் கேட்டுப் போடறேன். அதுவரைக்கும் என் பதிவு இருக்கும். ஆமா, அந்தச் சீட்டுக்காரன் உங்க சொந்தக்காரன்னு சொல்றாங்களே, அதுக்கு இன்னும் பதில் வரல.