சிஸ்டம் ஆன் ஆகல, உள்ள பத்து வருஷ வேல இருக்கு... யாராவது வழி சொல்லுங்க

குடியாத்தம்_டிடிபி
எல்லாருக்கும் வணக்கம். குடியாத்தத்துல சின்னதா டிடிபி கட வச்சிருக்கேன், கல்யாணப் பத்திரிகை, காதுகுத்து, கண்ணீர் அஞ்சலி, கோயில் நோட்டீஸ் இதான் பொழப்பு. நேத்து பகல் பூரா வெயில் மண்டைய பொளந்துட்டு சாயங்காலம் திடீர்னு காத்து மழ, இடி வேற, கரண்ட்டு போய் போய் மூணு தடவ வந்துச்சு, யுபிஎஸ்ல பேட்டரி செத்து ஆறு மாசமா சும்மா ஒக்காந்துகினு இருக்கு, சரி சிஸ்டத்த ஆஃப் பண்ணிடலாம்னு எழுந்திரிக்கறதுக்குள்ள டப்புனு ஒரு சத்தம், அவ்ளோதான். காலைல இருந்து பட்டன அமுக்கி அமுக்கி வெரல் வலிக்குது, லைட்டும் இல்ல ஒண்ணும் இல்ல. எக்ஸெல் வண்டில பின்னாடி கட்டிகினு ஒரு சர்வீஸ் கடைக்கு எடுத்துகினு போனேன், ரெண்டு நிமிஷம் பாத்துட்டு மதர்போர்டு போச்சு, இந்த மாடலுக்கு இப்ப போர்டு கெடைக்காது, புது சிஸ்டமே போட்டுடுங்க, ஹார்டு டிஸ்க்கும் அடி வாங்கியிருக்கு, டேட்டா வேணும்னா மெட்ராஸ் அனுப்பணும் 15,000 ஆகும், அதுவும் கேரன்ட்டி கெடையாதுன்னுட்டாரு. எனக்கு கை கால் ஓடல. கெங்கையம்மன் சிரசு திருவிழாவுக்கு இன்னும் பதினெட்டு நாள்தான் இருக்கு, அன்னதானம், நீர்மோர் பந்தல் நோட்டீஸ் எல்லாம் போன வருஷ ஃபைல எடுத்து தேதியும் பேரும் மாத்தித்தான் அடிக்கறது, அதெல்லாம் உள்ள மாட்டிகிச்சு. பேக்கப் இருக்கான்னு கேக்காதீங்க, 2021ல ஒரு பென்டிரைவ்ல போட்டது இருக்கு. சிஸ்டம் போனா போவுது, ஃபைல் மட்டும் வந்தா போதும். இன்னா பண்றது?

விருதம்பட்டு_வாசி
எஸ்எம்பிஎஸ் போயிருக்கும் பாஸ், அதான் சிஸ்டத்துக்கு கரண்ட் குடுக்கற பொட்டி, இடி இடிச்சா மொதல்ல அதுதான் அவுட் ஆவும். டெஸ்ட் பண்றது ஈஸி. எஸ்எம்பிஎஸ்ல இருந்து போர்டு, டிஸ்க்கு, டிவிடின்னு போற எல்லா கனெக்டரையும் உருவிடுங்க. பெரிய 24 பின் கனெக்டர்ல பச்ச வயர் ஒண்ணே ஒண்ணுதான் இருக்கும், அதையும் பக்கத்துல ஒரு கருப்பையும் ஜெம் கிளிப்ப வளைச்சு சேத்துட்டு அப்புறமா சுவிட்ச் போடுங்க, ஃபேன் சுத்துனா எஸ்எம்பிஎஸ் உயிரோட இருக்கு. கரண்ட்டுல இருக்கும்போது கிளிப்ப சொருகாதீங்க. எஸ்எம்பிஎஸ் பொட்டிய மட்டும் தெறக்கவே தெறக்காதீங்க, உள்ள இருக்கற பெரிய கெப்பாசிட்டர் பிளக்க புடுங்குன பெறகும் அடிக்கும்.

மலைக்கோடி_மணி
ஹார்டு டிஸ்க்க பிளாஸ்டிக் கவர்ல சுத்தி ஒரு நைட்டு ஃப்ரீசர்ல வச்சு எடுத்து மாட்டுங்க, வேல செய்யும், எங்க மாமா பண்ணாரு.

பெஞ்ச்_காட்பாடி
ஃப்ரீசர்ல இருந்து எடுத்தா நம்ம ஊரு சித்திர வெயிலுக்கு ரெண்டே நிமிஷத்துல வேர்த்து தண்ணி கோத்துக்கும், அது பிளாட்டர் மேல, அதான் டேட்டா இருக்கற தட்டு மேல நின்னா, அத படிக்கற ஹெட்டு சிராய்ச்சிகினு போயிடும், வர வேண்டியதும் வராது. மாமாவுக்கு அதிர்ஷ்டம், விடுங்க.

குடியாத்தம் தம்பி, நான் இருபது வருஷமா காட்பாடில ரிப்பேர் பெஞ்ச்சுல ஒக்காந்து இதே வேலதான் செஞ்சிகினு இருக்கேன். ரெண்டு நிமிஷத்துல மதர்போர்டு போச்சுன்னு சொல்றதுக்கு நம்மளால முடியாது, அதுக்கு ஜோசியம் தெரியணும். நான் கேக்கறதுக்கு மட்டும் பதில் சொல்லு. கேபினெட் சைடு மூடிய கழட்டிட்டு, பின்னாடி எஸ்எம்பிஎஸ் சுவிட்ச்ச ஆஃப் பண்ணி ஒரு நிமிஷம் விட்டு மறுபடி போடு. போட்டதும் போர்டுல எங்கயாவது சின்ன லைட்டு எரியுதா? பட்டன அமுக்குன அந்த நொடி சிபியு ஃபேன் லேசா அசையுதா, இல்ல பொணம் மாதிரி கெடக்குதா? இதுல ரெண்டாவது கேள்விதான் முக்கியம். மத்தபடி யார் என்ன சொன்னாலும் அந்த ஹார்டு டிஸ்க்க கழட்டி வேற சிஸ்டத்துல மாட்டிப் பாக்காத.

குடியாத்தம்_டிடிபி
அண்ணா, விருதம்பட்டு பாஸ் சொன்ன மாதிரி எல்லாத்தையும் உருவிட்டு பச்ச கருப்பு சேத்தேன், ஃபேன் ஜோரா சுத்துது. திருப்பி எல்லாம் மாட்டிட்டு நீங்க சொன்னத பாத்தேன், போர்டுல பச்ச லைட்டு எரியுது, அமுக்குனா ஃபேன் ஒரே ஒரு துடி துடிச்சு நின்னுடுது. ரெண்டாந் தடவ அமுக்குனா அதுவும் இல்ல. சுவிட்ச்ச ஆஃப் பண்ணி போட்டா மறுபடி ஒரு துடி. காலைல மூடியோட அமுக்குனதால இது தெரியல.

பெஞ்ச்_காட்பாடி
அப்ப போர்டு செத்திருக்குன்னு எவனும் இன்னும் சொல்ல முடியாது. எங்கயோ ஷார்ட் இருக்கு. எஸ்எம்பிஎஸ் கரண்ட்ட விடுது, எங்கயோ அளவுக்கு மீறி இழுக்குது, அது பயந்து தானே கட் பண்ணிக்குது. அப்டி பூட்டிகிச்சுன்னா சுவிட்ச்ச ஆஃப் பண்ணி கொஞ்ச நேரம் விட்டாத்தான் மறுபடி எழுந்திரிக்கும், அதான் ரெண்டாந் தடவ ஒண்ணும் வரல.

இப்ப ஒவ்வொண்ணா கழட்டணும். மொதல்ல ஹார்டு டிஸ்க்குக்கு போற பவர் வயர மட்டும் உருவிட்டு ஆன் பண்ணு. அப்பவும் துடிச்சா டிவிடி, அப்புறம் முன் பக்க யுஎஸ்பி வயரு, தனியா கிராபிக்ஸ் கார்டு இருந்தா அது, கடைசியா ரேம். ஒவ்வொரு வாட்டியும் சுவிட்ச்ச ஆஃப் பண்ணி ஒரு நிமிஷம் விட்டுத்தான்.

குடியாத்தம்_டிடிபி
அண்ணா!!!! ஹார்டு டிஸ்க் வயர உருவுனேன், சிஸ்டம் ஆன் ஆயிடுச்சு! டிஸ்ப்ளே வந்து பூட் டிவைஸ் இல்லன்னு கேக்குது. மதர்போர்டு போச்சுன்னு சொன்னவர் மூஞ்சில இத காட்டணும் போல இருக்கு. ஆனா அப்ப ஹார்டு டிஸ்க்குதான போயிருக்கு? எனக்கு வேண்டியதே அதுதானே, சிஸ்டம் பொழச்சு இன்னா பிரயோஜனம்?

பெஞ்ச்_காட்பாடி
அழாத. கேளு. ஹார்டு டிஸ்க்க கவுத்துப் போட்டா ஒரு பச்ச போர்டு தெரியும். பவர் கனெக்டர் பக்கத்துல ரெண்டு டயோடு இருக்கும், பேரு டிவிஎஸ் டயோடு, ஒண்ணு 5 வோல்ட் லைனுக்கு, இன்னொண்ணு 12 வோல்ட்டுக்கு. அதுக்கு வேலையே இதுதான், வோல்டேஜ் எகிறி வந்துச்சுன்னா தன் தலைல போட்டுகினு ஷார்ட் ஆயிடும், பின்னாடி இருக்கற, மோட்டார ஓட்டற ஐசி சிப்பும் மத்ததும் தப்பிச்சிடும். ஷார்ட் ஆன டயோடு அப்டியே நிக்கறதாலதான் உன் எஸ்எம்பிஎஸ் துடிச்சு துடிச்சு நிக்குது. பெரும்பாலும் உள்ள தட்டு, ஹெட்டு எதுக்கும் ஒண்ணும் ஆகியிருக்காது.

போர்ட புடிச்சிருக்கறது நட்சத்திர ஸ்க்ரூ, செல்ஃபோன் கடைல அந்த டிரைவர் இருக்கும். நிறைய டிஸ்க்குல சாமான் எல்லாம் உள் பக்கம் பாத்து இருக்கும், கழட்டினாத்தான் தெரியும். மல்டிமீட்டர பஸ்ஸர்ல வச்சு டயோடோட ரெண்டு காலையும் தொட்டா, மீட்டர் முள்ள மாத்தி வச்சாலும் பீப்னு கத்திகினே இருந்தா அதுதான் போனது. அத சும்மா எடுத்துட்டா போதும், அந்த எடத்துல வயர் போட்டு சேத்துடாத, காலியா விடு. டயோடு இல்லாமலே டிஸ்க் ஓடும், ஆனா அடுத்த தடவ காப்பாத்த ஆள் கெடையாது, அதனால மாட்டறதுக்கு முன்னாடி எஸ்எம்பிஎஸ்ல மஞ்ச வயர் 12, செவப்பு 5 சரியா வருதான்னு மீட்டர்ல பாத்துக்க. மஞ்ச 11.4ல இருந்து 12.6க்குள்ள, செவப்பு 4.75ல இருந்து 5.25க்குள்ள நிக்கணும்.

ரெண்டு விஷயம் செய்யாத. டிஸ்க்கோட மேல் மூடிய எக்காரணத்துக்கும் தெறக்காத. அப்புறம் எவனாவது அதே மாடல் டிஸ்க்கோட போர்ட மாத்திப் போடலாம்னு சொல்லுவான், பழைய காலத்து டிஸ்க்குக்கு அது சரி, இப்ப இருக்கறதுல ஒவ்வொரு டிஸ்க்குக்கும்னு தனியா செட் பண்ண அளவு அந்த போர்டு மேல இருக்கற சிப்புல எழுதியிருக்கும், அதையும் சேத்து மாத்தாம ஓடாது.

குடியாத்தம்_டிடிபி
டிவிஎஸ்னா வண்டி கம்பெனின்னு நெனச்சிகினு இருந்தேன் அண்ணா. அதுலதான் சிஸ்டத்த கட்டிகினு சுத்திகினு இருக்கேன் 😂

ஆரணி_அக்கா
தம்பி, நானும் டிடிபிதான், பதினெட்டு வருஷமா. டிஸ்க்கு ஓடுச்சுன்னா நீ நேரா வேல ஃபோல்டர மட்டும் காப்பி பண்ணிட்டு வந்துடுவ, அங்கதான் மாட்டிப்ப. பக்கம் போடற சாஃப்ட்வேரு பேஜ்மேக்கர் 7 தானே வச்சிருக்க? அதுக்கப்புறம் அடோபி கம்பெனிக்காரன் புது பேஜ்மேக்கரே விடல, 2001ல நின்னு போச்சு, நாமதான் இன்னும் விடாம புடிச்சிகினு இருக்கோம். அதுல நாம போடற தமிழ் எல்லாம், எந்த சிஸ்டத்துலயும் தமிழாவே தெரியற யூனிகோட் கெடையாது, அந்த ஃபான்ட் இருந்தாத்தான் தமிழு, இல்லன்னா புது சிஸ்டத்துல தெறந்தா இங்கிலீஷ் எழுத்தும் கொம்பும் புள்ளியுமா கொட்டிக் கெடக்கும். அதனால சி டிரைவ்ல விண்டோஸ் உள்ள இருக்கற ஃபான்ட்ஸ் ஃபோல்டர முழுசா தூக்கிடு. பத்திரிகைல வச்ச பிள்ளையார் படம், பார்டர் எல்லாம் வேற ஃபோல்டர்ல லிங்க்கா நிக்கும், அதையும் எடு. டெஸ்க்டாப், டவுன்லோட்ஸ் ரெண்டையும் மறக்காத, அவசரத்துல எல்லாத்தையும் அங்கதான் போட்டிருப்ப, எனக்குத் தெரியாதா.

எனக்கு 2015 மழைல இதே மாதிரி ஆகி ஃபான்ட் இல்லாம நாலு நாள் அலைஞ்சேன் பா.

விருதம்பட்டு_வாசி
அக்கா சொல்றது நூறு பர்சன்ட். டிஸ்க்க வெளில மாட்டி வேற லேப்டாப்ல பாக்கறதா இருந்தா ஒண்ணு, 3.5 இஞ்ச் டிஸ்க்குக்கு 12 வோல்ட் வேணும், சும்மா யுஎஸ்பி வயர்ல ஓடாது, தனி அடாப்டரோட வர்ற கன்வெர்ட்டரா வாங்குங்க. மாட்டினதும் ஃபார்மேட் பண்ணவான்னு கேட்டா பண்ணிடாதீங்க, சில கன்வெர்ட்டர்ல மாட்டினா நல்ல டிஸ்க்கே அப்டிதான் காட்டும். யூசர் ஃபோல்டர்ல பெர்மிஷன் இல்லன்னு சொன்னா பயப்படாதீங்க, கன்டினியூ குடுத்தா கொஞ்ச நேரம் யோசிச்சிட்டு தெறக்கும். டிஸ்க் செக் பண்ணவான்னு விண்டோஸ் கேக்கும், அதுக்கும் நோ, ஒடம்பு சரியில்லாத டிஸ்க்க செக் டிஸ்க் போட்டு சாவடிச்ச கத நெறைய இருக்கு. மொதல்ல காப்பி, மத்தது எல்லாம் அப்புறம்.

பெஞ்ச்_காட்பாடி
ஒண்ணு சேத்துக்க. மாட்டினதும் காத வச்சு கேளு. சர்ருனு சுத்தி அமைதியா நின்னா நல்லது. டக் டக்னு தட்டுச்சுன்னா உடனே ஆஃப் பண்ணி அப்டியே வச்சிடு, அது நம்ம கைய மீறுன வேல, அப்பதான் மெட்ராஸ், அதுக்குத்தான் காசு.

குடியாத்தம்_டிடிபி
மூணு நாளா பதில் போடல, மன்னிச்சிடுங்க எல்லாரும்.

பஸ் ஸ்டாண்டு பக்கம் மொபைல் சர்வீஸ் பண்ற பையன் கிட்ட எடுத்துகினு போனேன், அண்ணா எழுதுனத அப்டியே ஃபோன்ல காட்டினேன், மொதல்ல சார் இது என் வேல இல்லன்னான், அப்புறம் ஸ்க்ரூ கழட்டி மீட்டர வச்சதும் பெரிய டயோடு பீப்னு கத்துச்சு, சின்னது நல்லா இருந்துச்சு. ஹாட் ஏர் அடிச்சு அர நிமிஷத்துல எடுத்துட்டான். அம்பது ரூவா போதும்னான், நான் நூறு குடுத்தேன். 15,000 எங்க, நூறு எங்க.

வீட்டுக்கு வந்து மீட்டர்ல 12.1, 5.0 பாத்துட்டு சாமிய கும்பிட்டு மாட்டினேன். சர்ருனு சுத்துச்சு, தட்டல. பக்கத்துல புதுசா வாங்குன ஒரு டிஸ்க்கையும் அதே சிஸ்டத்துல மாட்டி மொதல்ல வேல ஃபோல்டரு, அடுத்து அக்கா சொன்ன ஃபான்ட்ஸு, டெஸ்க்டாப்பு (அக்கா, 1,140 ஃபைலு டெஸ்க்டாப்ல மட்டும், எப்டி கண்டுபுடிச்சீங்க), மொத்தமா 380 ஜிபி, ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் ஃபேன போட்டுகினு பக்கத்துலயே ஒக்காந்திருந்தேன். எல்லாம் வந்துடுச்சு. ஒரே ஒரு 2017 ஃபோல்டர்ல நாலஞ்சு ஃபோட்டோ மட்டும் தெறக்கல, அது முன்னாடியே அப்டிதானான்னு தெரியல.

யுபிஎஸ்க்கு பேட்டரி மாத்திட்டேன். எலக்ட்ரீஷியன கூப்ட்டு எர்த் பாக்கச் சொன்னா, கடைல எர்த்தே இல்லையாம், சுவரு பிளக்குல மூணாவது ஓட்ட சும்மா அழகுக்கு இருக்காம்!

பெஞ்ச்_காட்பாடி
நம்ம ஊர்ல பாதி கட அப்டிதான். இனிமே இடி இடிச்சா பிளக்க புடுங்கு, நெட்டு வயரையும் சேத்து புடுங்கு, அது வழியாவும் வரும். டயோடு எடுத்த டிஸ்க்க இனிமே வேலைக்கு வைக்காத, புதுசுல இருந்து இன்னொரு காப்பி எடுத்து வீட்ல பீரோல வை.

ஆரணி_அக்கா
பீரோன்னா கடைல இருக்கற பீரோ இல்ல, வீட்ல இருக்கறது. 🙂 நோட்டீஸ் அடிச்சாச்சா?

குடியாத்தம்_டிடிபி
அடிச்சாச்சு அக்கா, ரெண்டாயிரம். நீர்மோர் பந்தல் நோட்டீஸ்ல ஒரு உபயதாரர் பேரு விட்டுப் போச்சுன்னு கமிட்டிக்காரங்க இப்பதான் கடைல வந்து நின்னுகினு இருக்காங்க, போய் பேசிட்டு வரேன்.