நடுகல் படங்களைச் சுருக்கி அனுப்பினேன், எழுத்து காணாமல் போய்விட்டது

செங்கம் வாத்தியார்:

வணக்கம். நான் ஓய்வுபெற்ற தமிழாசிரியர். செங்கம் பக்கத்துக் கிராமங்களில் நடுகல் தேடித் திரிவதுதான் இப்போது என் பிழைப்பு. கணினியில் தட்டச்சு செய்வேன். அதற்கு மேல் போனால் கை நடுங்கும்.

ஒரு சிற்றிதழுக்குக் கட்டுரை எழுதி, கைப்பேசியில் எடுத்த 14 படங்களையும் ஒரே மின்னஞ்சலில் இணைத்தேன். ஒவ்வொன்றும் 5 எம்.பி. இருக்கும். கோப்பு பெரிது, சுட்டியாகத்தான் போகும் என்று திரையில் ஏதோ வந்தது. படிக்காமலே சரி என்று அழுத்திவிட்டேன். மறுநாள் இதழாசிரியர் கூப்பிட்டு, "சுட்டியைத் தொட்டால் உங்களிடம் அனுமதி கேட்கச் சொல்கிறதே" என்றார்.

பேரன் விடுமுறைக்கு வந்தபோது கணினியில் பெயிண்ட் என்ற மென்பொருளில் படத்தைச் சிறிதாக்கக் காட்டிக் கொடுத்திருந்தான். 800 பிக்சல் என்று போட்டு எல்லாவற்றையும் சுருக்கினேன். 14 படமும் சேர்ந்து 3 எம்.பி. கூட வரவில்லை. மடல் சிட்டாகப் பறந்தது. இப்போது இதழாசிரியர் சொல்கிறார்: வீரன் தெரிகிறான், வில் தெரிகிறது, எழுத்து மட்டும் தெரியவில்லை. அதுவோ வட்டெழுத்து என்ற பழைய தமிழ் எழுத்து, நேரில் நின்றாலே வெயில் சாய்ந்து விழும் நேரத்தில்தான் கண்ணில் படும். எழுத்து தெரியாத படத்தை வைத்துக்கொண்டு என் வாசிப்பை யார் நம்புவார்கள்?

எவ்வளவு சுருக்கினால் மடலும் போகும், எழுத்தும் பிழைக்கும்?

மாடிவீட்டு மணி:

ஐயா, எல்லாவற்றையும் ஒரே ஜிப் கோப்பாகக் கட்டிவிடுங்கள். அளவு குறைந்துவிடும்.

அச்சுக்கூடத்தான்:

மணி, ஜிப் இங்கே உதவாது. கைப்பேசி எடுக்கும் ஜேபெக் படம் என்பதே ஏற்கெனவே சுருக்கப்பட்டதுதான். பிழிந்து போட்ட தேங்காய்ப்பூவில் மறுபடி பால் எடுக்கிற கதை. 14 படம் ஒரு பொட்டலமாகும், அவ்வளவுதான்.

ஐயா, நான் இதழ்களுக்குப் பக்கம் வடிவமைக்கிறவன். உங்களைப் போன்றவர்கள் அனுப்பும் படங்களோடுதான் தினமும் மல்லுக்கட்டு. ஒருவர் தபால்தலை அளவில் அனுப்புவார், அடுத்தவர் சுவரொட்டி அளவில் அனுப்புவார்.

12 மெகாபிக்சல் கைப்பேசிப் படம் ஏறத்தாழ 4000 × 3000 பிக்சல். அதை 800 × 600 ஆக்கும்போது ஐந்தில் ஒன்றாக்கினோம் என்றுதான் தோன்றும். நீளத்திலும் ஐந்தில் ஒன்று, அகலத்திலும் ஐந்தில் ஒன்று. ஆக 25 புள்ளிகள் இருந்த இடத்தில் ஒரே ஒரு புள்ளி. கல்லில் வெட்டிய கோடு மூலப் படத்தில் நாலைந்து பிக்சல் அகலம் இருந்திருக்கும். அது ஒற்றைப் பிக்சலாகி, கல்லின் சொரசொரப்போடு கலந்துவிட்டது.

அச்சுக்கு அங்குலத்துக்கு 300 பிக்சல் என்பது எங்கள் கணக்கு. கல்லை நெடுக்காக எடுத்திருப்பீர்கள். நீளமான பக்கத்தை 2000 என்று வைத்தால் அகலம் 1500 வரும். இதழ்ப் பக்கத்தில் 5 அங்குல அகலத்துக்குத் தாராளம். முழுக் கல்லின் படத்துக்கு இது போதும். எழுத்துக்கு மட்டும் வேறு வழி: சுருக்காதீர்கள், வெட்டுங்கள். மூலப் படத்தில் எழுத்துள்ள பகுதியை மட்டும் தேர்ந்து வெட்டியெடுத்து, அதே அளவில் தனிப் படமாக அனுப்புங்கள். வானமும் வேலிக்காத்தானும் போனாலே பாதி எடை குறைந்துவிடும்.

மடலின் கணக்கும் சொல்கிறேன். ஜிமெயிலில் வரம்பு 25 எம்.பி. ஆனால் படம் மடலுக்குள் எழுத்துகளாக மாற்றப்பட்டுத்தான் பயணம் செய்கிறது; மூன்று பைட்டுக்கு நான்கு எழுத்து. அதில் மூன்றில் ஒரு பங்கு எடை ஏறிவிடும். அதனால் நான் 18 எம்.பி.யைத் தாண்டுவதில்லை. தாண்டினால் இரண்டு மடல்.

ஒன்று கேட்க வேண்டும். சுருக்கியதை வேறு பெயரில்தானே சேமித்தீர்கள்?

செங்கம் வாத்தியார்:

தம்பி, உங்கள் கடைசி வரியைப் படித்ததும் வயிற்றில் புளி கரைகிறது. அதே பெயரில்தான் சேமித்தேன். கணினிக்கு வந்துவிட்டதே என்று கைப்பேசியிலும் அழித்துவிட்டேன்.

திருப்பூர்க்காரி:

ஐயா, பதறாதீர்கள். பெரும்பாலான கைப்பேசிகளில் அழித்த படம் உடனே போய்விடாது. 30 நாள் வரை குப்பைத்தொட்டியில் கிடக்கும். படங்கள் செயலியைத் திறந்து அங்கே பாருங்கள். இன்றே பாருங்கள், நாளைக்கு என்று தள்ள வேண்டாம்.

கிடைத்ததும் முதலில் ஒரு பென்டிரைவில் நகல் எடுத்துவிடுங்கள். இனிமேல் பெயிண்டில் ஒவ்வொன்றாகச் செய்யவும் வேண்டாம். இர்பான்வியூ என்ற இலவச மென்பொருள் இருக்கிறது. திறந்து விசைப்பலகையில் 'B' எழுத்தை அழுத்தினால் மொத்தமாக மாற்றும் பலகை வரும். நீளமான பக்கம் 2000, ஜேபெக் தரம் 85, சேமிக்கும் இடம் வேறொரு கோப்புறை. 14 படத்தையும் ஒரே மூச்சில் முடித்துவிடும், மூலத்தைத் தொடாது. நான் துணி மாதிரிப் படங்களை வாடிக்கையாளர்களுக்கு இப்படித்தான் அனுப்புகிறேன். அவர்களும் நூலை எண்ணிப் பார்க்கிற ஆட்கள்தாம்.

மாடிவீட்டு மணி:

ஜிப் பற்றிச் சொன்னதைத் திரும்பப் பெறுகிறேன். வாட்ஸ்அப்பில் அனுப்பலாமா என்று கேட்க வந்தேன்.

அச்சுக்கூடத்தான்:

அனுப்பலாம் மணி, படமாக இல்லாமல் ஆவணமாக இணைத்தால். படமாகப் போனால் அதுவே சுருக்கிவிடும்; ஐயா முதல் பத்திக்கே திரும்பி வருவார்.

செங்கம் வாத்தியார்:

மூன்று நாள் கழித்து எழுதுகிறேன். குப்பைத்தொட்டியில் 11 படங்கள் கிடைத்தன. அம்மா, உங்களுக்குக் கோடி புண்ணியம். 2000 பிக்சலில் 11 முழுப் படங்கள், வெட்டியெடுத்த எழுத்துப் பகுதிகள் 6. இரண்டு மடலாக அனுப்பினேன். இதழாசிரியர் தொலைபேசியிலேயே கல்லின் தொடக்க எழுத்தை 'கோவிசைய' என்று வாசிக்கத் தொடங்கிவிட்டார். அடுத்த சொல்லில் எனக்கும் அவருக்கும் வழக்கு. அது வேறு கதை.

மீதி மூன்றும் முன்னதாகவே அழித்தவை, கெடு தாண்டிவிட்டது. இரண்டு கல் பக்கத்து ஊர்தான். சனிக்கிழமை விடியலில் பேருந்து ஏறினால் வெயில் சாய்வாக விழும்போதே எடுத்துவிடலாம். மூன்றாவது ஏரிக்குள் நிற்கிறது. இப்போது வீரனின் இடுப்பு வரை தண்ணீர். எழுத்து அதற்குக் கீழே.