கல்யாண மண்டபத்தில் மேஜிக் ஷோ, மேடைக்குப் பின்னால் ஜன்னல்: என்ன செய்யலாம்?

குடியிருப்புச் செயலாளர்:
வணக்கம். எங்கள் குடியிருப்பின் பொங்கல் விழாவுக்கு இந்த வருடம் மேஜிக் ஷோ ஏற்பாடு செய்திருக்கிறோம். வருகிற ஞாயிறு மாலை 4 மணிக்கு, பக்கத்துத் தெருக் கல்யாண மண்டபத்தில். சுமார் 200 பேர் வருவார்கள், பாதிக்கு மேல் குழந்தைகள். மேஜிக் செய்பவர் போனில் நான்கு விஷயம்தான் கேட்டார்: பின்னால் கறுப்புத் திரை, பக்கவாட்டில் யாரும் உட்காரக் கூடாது, மேடைக்கு மேலே ஃபேன் ஓடக் கூடாது, சாமான் வைத்துப் பூட்ட ஒரு அறை. எல்லாவற்றுக்கும் சரி என்று சொல்லிவிட்டேன். மணமகள் அறையைக் கொடுத்துவிடலாம், அது பிரச்சினை இல்லை.

நேற்று சாயங்காலம் மண்டபத்தைப் பார்த்த பிறகுதான் வயிற்றைக் கலக்குகிறது. மணமேடையின் பின்சுவரில் உயரத்தில் இரண்டு கண்ணாடி ஜன்னல். வெயில் நேரே உள்ளே அடிக்கிறது, மேடையில் நின்ற வாட்ச்மேன் அண்ணனின் முகமே தெரியவில்லை, வெறும் கறுப்பு உருவம்தான். அலங்காரக்காரர் கறுப்பு சாட்டின் துணி தருகிறேன் என்கிறார், அது போதுமா? அப்புறம் ஹால் அகலம், மேடை சின்னது, நாற்காலியை எப்படிப் போட்டாலும் இரண்டு ஓரத்திலும் இருப்பவர்கள் மேடையைப் பக்கத்திலிருந்துதான் பார்ப்பார்கள். இதெல்லாம் செய்து பழகிய அண்ணன்மார் யாராவது சொல்லுங்கள்.

மேடைவிளக்கு:
மேடம், உங்கள் மண்டபத்தில் மட்டும் இல்லை, பல மண்டபங்களில் இதே கதைதான். மணமக்கள் கிழக்கு பார்த்து உட்கார வேண்டும் என்று மணமேடையை அப்படிக் கட்டுவார்கள், அதனால் பின்சுவர் மேற்கில் வந்துவிடும், காலை முகூர்த்தத்துக்கு அது நல்லதுதான், ஆனால் மாலை 4 மணி நிகழ்ச்சிக்கு வெயில் முழுக்கப் பின்னாலிருந்து வரும். ஜனவரியில் இங்கே சூரியன் மறைய 6 மணி ஆகிவிடும். முடிந்தால் ஷோவை 6.30க்குத் தள்ளுங்கள், கோலப்போட்டி, பாட்டு எல்லாவற்றையும் முன்னால் வைத்துக்கொள்ளலாம். அப்படியும் ஜன்னலை மூடத்தான் வேண்டும், தெருவிளக்கு இருக்கும். திரை மட்டும் போதாது, கண்ணாடி மேலேயே கறுப்புத் தார்ப்பாயை இரண்டாக மடித்து ஒட்டுங்கள்.

பின்வெளிச்சம் இருந்தால் எல்லாப் பொருளுக்கும் விளிம்பு தெரியும், அவர் காட்டக் கூடாது என்று வைத்திருப்பதும் தெரியும். அது என்ன என்று இங்கே எழுத மாட்டேன், அது அவருடைய பிழைப்பு.

சாட்டின் வேண்டவே வேண்டாம். முன்விளக்கு பட்டதும் ஒவ்வொரு மடிப்பும் வெள்ளைக் கோடாக மின்னும். பளபளப்பு இல்லாத கெட்டித் துணி, வெல்வெட் கிடைத்தால் இன்னும் நல்லது. விளக்கு இரண்டு, மேடைக்கு முன்னால் இடது வலது மூலைகளில் உயரமான ஸ்டாண்டில், சாய்வாக அடிக்கும்படி. ஹாலஜன் என்றால் 1000 வாட் விளக்கு ஒன்றே 230 வோல்ட்டில் 4 ஆம்பியருக்கு மேல் இழுக்கும், 6 ஆம்பியர் பிளக்கில் இரண்டைச் சேர்த்துப் போடாதீர்கள். எல்இடி பார் (PAR) விளக்கு, அதாவது மேடைக்கு அடிக்கிற எல்இடி விளக்கு, கேட்டு வாங்குங்கள், சூடும் குறைவு.

சீட்டுக்கட்டு:
நான் பகுதிநேரமாக மேஜிக் செய்கிறவன். நாற்காலி விஷயத்துக்கு என்னிடம் ஒரு வழி இருக்கிறது. மேடை நடுவில் மேஜை, அதன் மேல் ஒரு அட்டைப்பெட்டி, பெட்டிக்குப் பின்னால் ஒரு சாண் தள்ளி ஒரு தண்ணீர் பாட்டில் வையுங்கள். அப்புறம் நீங்களே போய் ஓரத்து நாற்காலிகளில் ஒவ்வொன்றாக உட்கார்ந்து பாருங்கள். பாட்டில் தெரிகிற நாற்காலி எல்லாம் அங்கிருந்து போக வேண்டும், அவ்வளவுதான். கடைசியில் மண்டபத்தில் மாடி இருந்தால் அங்கிருந்தும் பாருங்கள், மேலிருந்து பார்ப்பவர் பக்கத்திலிருந்து பார்ப்பவரைவிட மோசம், மாடிப்படியைப் பூட்டிவிடுவது உத்தமம்.

குழந்தைகளை முன்னால் ஜமக்காளத்தில் உட்கார வைப்பீர்கள், வையுங்கள், அவர்கள் முகத்தைப் பார்த்துத்தான் எங்களுக்குத் தெம்பே வரும். ஆனால் மேடையிலிருந்து ஆறடி தள்ளிக் கயிறு கட்டி, அங்கே இரண்டு பெரியவர்களை நிறுத்துங்கள். முதல் ஐந்து நிமிடத்திலேயே நகர்ந்து நகர்ந்து மேடை விளிம்புக்கு வந்துவிடுவார்கள். நடுவில் ஒரு பாதை வேண்டும், குழந்தையை மேடைக்குக் கூப்பிட்டால் அது யார் மடியையும் மிதிக்காமல் வர வேண்டும்.

இதைவிட முக்கியம் வீடியோகாரர். நம் ஊர் விசேஷங்களில் அவர் மேடையேறி, பின்னால் போய், ஃபோகஸ் லைட்டோடு நின்று எடுப்பதுதான் பழக்கம். எனக்கு ஒரு விழாவில் இப்படித்தான் நடந்தது. அவர் என் முதுகுக்குப் பின்னால் நின்று எடுத்ததை ஹாலில் வைத்திருந்த பெரிய திரையில் ஓடவிட்டார்கள், கூட்டம் முழுக்க என் இடது கையைப் பார்த்துவிட்டது. ஒரு வருட உழைப்பு அது. அவரிடம் இன்றைக்கே பேசுங்கள்.

குடியிருப்புச் செயலாளர்:
ரொம்ப நன்றி அண்ணா. வீடியோகாரரைப் பற்றி யோசிக்கவே இல்லை. ஃபேனை நிறுத்தினால் பெரியவர்கள் கோபித்துக்கொள்வார்கள், அதற்கு?

சீட்டுக்கட்டு:
எல்லாவற்றையும் நிறுத்த வேண்டாம். மேடை மேல் இருப்பதும் முதல் வரிசையும் போதும். பட்டுக் கைக்குட்டை, சீட்டு எல்லாம் காற்றில் அசையும், நெருப்பு காட்டுகிற ஐட்டம் இருந்தால் ஆபத்தும் கூட. நெருப்பு உண்டா என்று அவரிடம் கேட்டுவிடுங்கள். உண்டென்றால் தெர்மாகோல் அலங்காரத்தை எடுத்துவிட்டு, தீயணைப்பானை மேடை ஓரத்தில் கை எட்டும் இடத்தில் வையுங்கள்.

மைக்செட்:
அவருக்கு இரண்டு கையும் வேண்டும், கையில் பிடிக்கிற மைக் கொடுத்துவிடாதீர்கள். காலர் மைக் அல்லது ஹெட்செட், புது பேட்டரி. பாட்டு அவர் லேப்டாப்பிலிருந்து வந்தால், சார்ஜரோடு சவுண்டு மிக்சரில் மாட்டும்போது ங்ங்ங் என்று இரைச்சல் வரும், சார்ஜரைக் கழற்றினால் பெரும்பாலும் போய்விடும். சவுண்டுக்கும் விளக்குக்கும் ஒரே லைன் வேண்டாம்.

குடியிருப்புச் செயலாளர்:
சனிக்கிழமை இரவு நிலவரம் சொல்கிறேன். ஷோ 6.30க்கு மாறிவிட்டது. தார்ப்பாய் ஒட்டி ஹால் விளக்கை அணைத்துப் பார்த்தோம், ஒரு மூலையில் விரல் அகலத்துக்கு வெளிச்சம் கசிந்தது, அங்கே இன்னொரு துண்டு வைத்தோம். வெல்வெட் வாடகைக்குக் கிடைத்தது. பாட்டில் வைத்து நானும் என் மகனும் ஒவ்வொரு நாற்காலியாக உட்கார்ந்து பார்த்தோம், இடது பக்கம் 14, வலது பக்கம் 11 நாற்காலி போய்விட்டது, அவற்றைப் பின்வரிசையில் சேர்த்துவிட்டோம். நெருப்பு ஐட்டம் இல்லை என்று சொல்லிவிட்டார். வீடியோகாரர் முதலில் முகம் சுளித்தார், மேஜிக் செய்பவரே போனில் பேசிய பிறகு ஒத்துக்கொண்டார்: நடுப்பாதையின் கடைசியில் ஸ்டாண்ட் போட்டு அங்கிருந்து மட்டும்தான் எடுப்பார்.