கேத்தி வீட்டார் குழு: வேனும் புகைச் சான்றிதழும்

சனி, காலை 11:20

நான்: வேன் புகைப் பரிசோதனையில் தேறவில்லை. குன்னூரில்தான் நிற்கிறேன். சீட்டின் படம் அனுப்பியிருக்கிறேன். கார்பன் மோனாக்சைடு 2.84 சதவீதம். நம் வண்டிக்கு வரம்பு 0.5. ஹைட்ரோகார்பன் 410, அதற்கு வரம்பு 750. அது மட்டும் பிழைத்தது.

அப்பா: காலையில் துடைத்துத்தானே அனுப்பினேன்.

குன்னூர் அத்தை: அண்ணா, துடைப்பதற்கும் புகைக்கும் என்ன சம்பந்தம்?

சித்தப்பா: எல்லாம் உயரத்தின் வேலை. ஊட்டி 2,240 மீட்டர், குன்னூர் 1,850 மீட்டர். காற்று மெலிந்தால் பெட்ரோல் மிஞ்சத்தான் செய்யும். மேட்டுப்பாளையத்துக்கு இறக்கிச் சோதித்தால் தேறிவிடும்.

நான்: எனக்கு முன்னால் நின்ற நான்கு கார்களும் இதே குன்னூரில், இதே இயந்திரத்தில் தேறிவிட்டனவே, சித்தப்பா. சைலன்சரில் புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் போய்விட்டது, புதிதாகப் போடுங்கள் என்கிறார் இங்கே ஒருவர்.

அம்மா: எவ்வளவு ஆகுமாம்?

நான்: தொகையை எழுதினால் நீங்கள் மதியம் சாப்பிட மாட்டீர்கள்.

அப்பா: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

மேட்டுப்பாளையம் மாமா: மச்சான், நீங்கள் நீக்குவதற்குள் படித்துவிட்டேன். வண்டியைக் காட்டாமல் காகிதம் வாங்கும் யோசனையே வேண்டாம். சான்றிதழ் இப்போது இணையத்தில் பதிவாகிறது. வண்டிக்கு 15 ஆண்டு முடிகிறது, ஆர்.சி. புதுப்பிக்க ஆய்வாளர் முன்னால் வண்டியையே நிறுத்த வேண்டும். சான்றிதழ் இல்லாமல் பிடிபட்டால் 10,000 ரூபாய் வரை அபராதம்.

அப்பா: சும்மா கேட்டேன்.

மாமா: சித்தப்பா சொல்வது கார்புரேட்டர் வண்டிக்குச் சரி. அதற்கு உயரம் தெரியாது, கீழே கொடுத்த அளவையே மேலேயும் கொடுக்கும். இது இன்ஜெக்‌ஷன் வண்டி. காற்றின் அழுத்தத்தை சென்சார் பார்த்து, பெட்ரோலைக் குறைத்துக்கொள்ளும். ஆகவே மலையின் மேல் பழி போட முடியாது.

சித்தப்பா: அப்படியானால் டேங்கில் ஊற்றும் சுத்திகரிப்பு மருந்து ஒன்று வாங்கலாமா? என் டீசல் ஜீப்புக்கு ஊற்றினேன்.

மாமா: ஜீப் குடித்துவிட்டு என்ன சொன்னது?

சித்தப்பா: ஒன்றும் சொல்லவில்லை.

மாமா: சீட்டை ஒழுங்காகப் படிப்போம். ஹைட்ரோகார்பன் ஏறியிருந்தால் பெட்ரோல் எரியாமலேயே வெளியே போகிறது என்று பொருள். தீப்பொறி தரும் பிளக், ஒயர் பக்கம் தேட வேண்டும். மோனாக்சைடு மட்டும் இப்படி ஏறினால் பெட்ரோல் அதிகம், காற்று போதவில்லை. கன்வெர்ட்டர் கடைசியில் இருப்பது. குழம்பில் உப்பு அதிகமானால் தட்டையா மாற்றுவோம்? புதிதாகப் போட்டாலும் இப்படிப் பெட்ரோலைக் கொட்டினால் அதுவும் கெட்டுப்போகும். மருமகனே, ஏர் பில்டர் எப்படி இருக்கிறது?

நான்: தீபாவளிக்கு மாற்றியது. சுத்தமாக இருக்கிறது. லிட்டருக்கு 14 கிலோமீட்டர் கொடுத்த வண்டி இப்போது 10தான் கொடுக்கிறது.

மாமா: வெப்பம் காட்டும் முள் எங்கே நிற்கும்?

நான்: அது எப்போதும் கீழேதான் கிடக்கும். கேத்திக் குளிருக்கு அப்படித்தான் என்று நினைத்தேன்.

மாமா: குளிருக்கு அப்படி இல்லை. நாளைக் காலை எஞ்சின் ஆறியிருக்கும்போது ஸ்டார்ட் செய். ரேடியேட்டரின் மேல் குழாயைத் தொட்டுக்கொண்டே இரு, ஆனால் பேன் பக்கம் கை போகக் கூடாது. சில நிமிடம் குழாய் குளிர்ந்தே இருந்து, பிறகு திடீரென்று சூடானால் நல்லது. முதலிலிருந்தே மெல்ல மெல்ல வெதுவெதுப்பானால் எனக்குச் சொல். ஒரு பிளக்கையும் கழற்றிப் படம் அனுப்பு.

ஞாயிறு, காலை 7:05

நான்: முதல் நிமிடத்திலிருந்தே வெதுவெதுப்பு. இருபது நிமிடம் ஆகியும் சூடு என்று சொல்ல முடியவில்லை. பிளக் படம் இதோ, அடுப்புக்கரி மாதிரி.

மாமா: உலர்ந்த கரி. பெட்ரோல் மிகுதிதான். தெர்மோஸ்டாட் வால்வு திறந்தே நின்றுவிட்டது, அல்லது உள்ளே வால்வே இல்லை. எஞ்சின் 80 டிகிரிக்கு மேல் வரும்வரை தண்ணீரை ரேடியேட்டருக்கு விடாமல் தடுப்பது அதுதான். அது இல்லையென்றால் எஞ்சின் சூடாகவே சூடாகாது. சூடாகாத எஞ்சினை இன்னும் இப்போதுதான் கிளம்பியதாக நினைத்து கம்ப்யூட்டர் பெட்ரோலைக் கூடுதலாகக் கொடுத்துக்கொண்டே இருக்கும். அதிலும் நீங்கள் எல்லநள்ளி ஏறி, அங்கிருந்து அருவங்காடு, வெலிங்டன் வழியாக இறக்கத்திலேயே குன்னூர் போயிருக்கிறீர்கள். இறக்கத்தில் எஞ்சினுக்கு என்ன வேலை? கன்வெர்ட்டருக்கும் நல்ல சூடு வந்தால்தான் அது வேலை செய்யும்.

அம்மா: வால்வு இல்லாமல் எப்படிப் போகும், தம்பி? யார் எடுத்தது?

மாமா: ...

குன்னூர் அத்தை: மூன்று வருடம் முன்பு அக்கா மகள் கல்யாணத்துக்குப் போய்த் திரும்பும்போது பர்லியார் தாண்டி வேன் கொதித்து நின்றதே. மேட்டுப்பாளையத்திலிருந்து பைக்கில் வந்து சரிசெய்தது யார்?

மாமா: நான்தான். வால்வைக் கழற்றித்தான் வண்டியை வீடு சேர்த்தேன். அன்றைக்கு ராத்திரி வேறு வழி இல்லை. ஒரு வாரத்தில் பட்டறைக்குக் கொண்டுவாருங்கள், புதிதாகப் போடுகிறேன் என்று மச்சானிடம் சொன்னேன்.

அப்பா: சொன்னதாக நினைவு இல்லை, மாப்பிள்ளை.

அம்மா: சொன்னான். நான் பக்கத்தில்தான் இருந்தேன். அதன் பிறகு கொதிக்கவே இல்லை, இனி எதற்கு என்று சொன்னவர் நீங்கள்.

மாமா: அதனால் வால்வை மட்டும் போட்டால் பழைய கொதிப்பு திரும்ப வரும். அன்று கொதித்ததற்குக் காரணம் வேறு. ரேடியேட்டரில் என்ன ஊற்றுகிறீர்கள்?

அப்பா: ஓடைத் தண்ணீர். சுத்தமான தண்ணீர்.

மாமா: கேரட்டுக்குச் சுத்தம். ரேடியேட்டருக்குள் துரு. செவ்வாய்க்கிழமை வண்டியைக் கொண்டுவாருங்கள்.

செவ்வாய், மாலை 5:40

மாமா: ரேடியேட்டரிலிருந்து காப்பி நிறத்தில் வந்தது. கழுவி அடைப்பு எடுத்தேன். வால்வு, கேஸ்கெட், கூலன்ட், நான்கு பிளக். எல்லாம் சேர்த்து 2,600 ரூபாய். கூலி வேண்டாம், என் பங்கு தவறுக்கு அது போகட்டும்.

நான்: மூன்று பிளக்தானே, மாமா? நம் வேனுக்கு மூன்று சிலிண்டர்.

மாமா: மூன்றுதான். நான்காவது டேஷ்போர்டில் இருக்கிறது, பத்திரமாக வை.

வியாழன், பகல் 12:15

நான்: தேறிவிட்டது. ஆனால் ஒரு நாடகம் நடந்தது. சூடாகத்தான் போனேன். வரிசையில் எஞ்சினை அணைத்து முக்கால் மணி நேரம் நிற்கவேண்டியிருந்தது. முதல் அளவு 0.62. எனக்கு மூச்சே நின்றுவிட்டது. பிறகு அவரே எஞ்சினை மூன்று நிமிடம் சற்று வேகமாக ஓடவிட்டு மறுபடி பார்த்தார். 0.19.

சித்தப்பா: ஆறு மாதத்துக்குக் கவலை இல்லை.

மாமா: அடுத்த முறை வரிசையில் கடைசி இரண்டு வண்டி இருக்கும்போதே ஸ்டார்ட் செய்துவிடு.

மாலை 6:30

அப்பா: மாப்பிள்ளை, ஊட்டிக்குப் பூண்டு இறக்கிவிட்டுத் திரும்புகிறேன். லவ்டேல் பக்கம் ஓரமாக நிறுத்திவிட்டேன். முள் நடுவுக்கு ஏறிவிட்டது.

மாமா: முள் அங்கேதான் நிற்கவேண்டும், மச்சான். வண்டியை எடுங்கள்.

அப்பா: இன்னும் ஏறினால்?

மாமா: ஏறாது. அக்காவிடம் சாப்பாடு போடச் சொல்லிவிட்டு வாருங்கள்.

அப்பா: ஐந்து நிமிடம் பார்த்துவிட்டு வருகிறேன்.